ரச வாளி நிரம்பும் நேரம்

காரைக்குடியில் வசிக்கும் திருமதி சிவரஞ்சனி ஆதித்தன், வயது முப்பத்து நான்கு, சென்ற ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல் பதினொன்றேகால் மணியளவில், ஒரு ரச வாளி நிரம்பும் நேரத்தைப் புள்ளி நான்கு நொடியிலிருந்து புள்ளி ஆறு நொடியாக உயர்த்தினார். நாட்டில் அன்றைக்கு இதைவிடப் பெரிய குற்றங்கள் நடந்திருக்கலாம். ஆனால் அவற்றைச் செய்தவர்களுக்கு யாரும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கவில்லை.

அது நிஜ வாளி அல்ல. சிவரஞ்சனியும், படம் வரைகிற தேவாவும் இரண்டு வருடம் உட்கார்ந்து செய்த ஒரு கைபேசி விளையாட்டில் வருகிற வாளி. விளையாட்டின் பெயர் ‘அடுத்த பந்தி’. ஆடுகிறவர் கல்யாண வீட்டில் பரிமாறுகிறவர். நாலு வரிசையில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். கை தூக்குகிறவருக்குக் கேட்டதைக் கேட்ட நேரத்தில் போட வேண்டும். தாமதமானால் முகம் சிவக்கும். இலை காலியாகக் கிடந்தால் சம்பந்தி பார்ப்பார். சம்பந்தி கோபித்துக்கொண்டு எழுந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது.

இதில் சில பேர் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சாம்பாரும் வேண்டாம், பாயசமும் வேண்டாம், ரச வாளியை மட்டும் எடுத்துக்கொண்டு நிற்காமல் ஊற்றிக்கொண்டே போனால் போதும். இலையில் ஊற்றிய ரசம் ஓடத் தொடங்கியதும், சாப்பிடுகிறவர் இரண்டு கையாலும் சோற்றை அணை கட்டுவதில் மும்முரமாகிவிடுவார். அணை கட்டுகிறவருக்குக் கை தூக்க நேரமிருக்காது. கை தூக்காதவருக்குக் கோபமும் வராது. இப்படியே நூறு பந்தி ஜெயிக்கலாம். மற்ற பதார்த்தங்கள் எல்லாம் சீந்துவாரில்லாமல் கிடந்ததைப் பார்த்துத்தான் சிவரஞ்சனி வாளியைப் புள்ளி இரண்டு நொடி தாமதப்படுத்தினாள்.

விளையாட்டை மூன்று லட்சம் பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். அதில் இரண்டு லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பது பேருக்கு இப்படி ஒரு மாற்றம் நடந்ததே தெரியவில்லை. மீதி நாற்பத்தொரு பேருக்குத் தெரிந்தது.

அவர்கள் முதல் நாள் அவள் புத்தியைச் சந்தேகித்தார்கள். இரண்டாம் நாள் பிறப்பைச் சந்தேகித்தார்கள். மூன்றாம் நாள் கையை ஒடிப்பதாகச் சொன்னார்கள். எந்தக் கை என்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு வந்து, முறைப்படி வாக்கெடுப்பு நடத்தி, இடது கை என்று முடிவானது. இதையெல்லாம் தேவா சிரித்துக்கொண்டே படித்துக் காட்ட, அவளும் சிரித்தாள். நாலாம் நாள் அவள் வீட்டு வாசலின் படம் வந்தது. பச்சைக் கதவு, கதவுக்குப் பக்கத்தில் அவள் செருப்பு. அந்தச் செருப்பை அவள் முந்தின நாள் சாயங்காலம்தான் வாங்கியிருந்தாள். அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை. அவள் கணவன் ஆதித்தன் கப்பலில் பொறியாளர். வருடத்தில் பாதி கடலில்தான். அவள் செருப்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, ஜன்னல்களைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த வாரம் அவள் இறந்துபோனாள். அதாவது, அப்படித்தான் போஸ்டர் சொன்னது. நெற்றியில் விபூதியோடு அவள் சிரிக்கிற படம், இரண்டு பக்கமும் அழுகிற கண், கீழே ‘ரசம் ருசிக்குமுன் பிரிந்தாயே’ என்று ஒரு வரி, அதற்கும் கீழே ‘இவண்: நாற்பத்தொருவர்’. சுவரில் ஒட்டவில்லை, வாட்சப்பில் விட்டார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு வேன் வந்து வாசலில் நின்றது. இரண்டு பேர் குளிர்சாதனப் பெட்டியை இறக்கினார்கள். ஒருவர் காகிதத்தைப் பார்த்து, சிவரஞ்சனி, முப்பத்து நாலு வயசு, பாடி எங்கே இருக்கு என்று கேட்டார்.

“நான்தான்” என்றாள் சிவரஞ்சனி.

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். தொழிலில் இருபது வருட அனுபவம் உள்ளவர் போலிருக்கிறது. பதறவில்லை.

“அப்ப நாங்க எப்ப வரட்டும்மா?” என்றார்.

போஸ்டர் குடும்ப வாட்சப் குழுவுக்கும் போய்விட்டது. பதினொரு பேர் இரங்கல் தெரிவித்தார்கள். ஒரு சித்தப்பா, அவள் உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்த பிறகும் தன் இரங்கலை அழிக்க மறுத்துவிட்டார். அவ்வளவு நன்றாக இனி எழுத வராது என்றாராம். ஒக்கூரிலிருந்து அவள் தாயார் சீதை ஆச்சி கிடைத்த பஸ்ஸில் ஏறி வந்தார். கதவைத் திறந்த மகளைத் தலையிலிருந்து கால்வரை தொட்டுப் பார்த்தார். கன்னத்தில் ஒன்று வைத்தார். பிறகு வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதார். இந்த விவகாரம் முடிகிற வரைக்கும் ஊருக்குப் போவதில்லை என்று சொல்லி, பையிலிருந்த சேலைகளை எடுத்து அலமாரியில் அடுக்கினார்.

காவல் நிலையத்தில் மரியாதையாக உட்கார வைத்துத்தான் கேட்டார்கள். களவு போன பொருள் என்ன என்று கேட்டார்கள். ரச வாளி எந்த உலோகம் என்று கேட்டார்கள். எல்லாம் விளங்கிய பிறகு, அந்தப் புள்ளி இரண்டு நொடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது அல்லவா என்று ஒருவர் நல்லெண்ணத்தோடு ஆலோசனை சொன்னார். கடைசியில், இந்த மாதிரி விஷயங்களுக்கென்றே புதிதாக ஓர் அலுவலகம் திறந்திருப்பதாகச் சொல்லி முகவரி எழுதிக் கொடுத்தார்கள்.

அது சாக்கோட்டை போகிற சாலையில், ஒரு சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. ‘இணையவழி மனவருத்தத் தணிப்புத் தனிப்பிரிவு’ என்று பலகை. தனி அலுவலர் திரு. மீனாட்சிசுந்தரம், வயது ஐம்பத்தேழு, மிகவும் நல்ல மனிதர். முப்பத்தொரு வருட சேவையில் அவர் எந்த முடிவும் எடுத்ததில்லை. எனவே அவர் எடுத்த எந்த முடிவும் தவறானதில்லை. அலுவலகம் திறந்து ஏழு மாதத்தில் வந்த முதல் மனு சிவரஞ்சனியுடையது என்பதால் அவர் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார்.

மனுவில் மிரட்டியவரின் பெயர், அவருடைய தகப்பனார் பெயர், கதவு எண் எல்லாம் கேட்டிருந்தது. அது தெரியாததால்தானே வந்திருக்கிறேன் என்றாள். அப்படியானால் ‘தெரியவில்லை’ என்று நாற்பத்தொரு முறை எழுதச் சொன்னார். மிரட்டல்களை அச்சடித்து, பச்சை மையில் கையெழுத்துப் போடுகிற அதிகாரி ஒருவரிடம் சான்றொப்பம் வாங்கி வரவும் சொன்னார். அவள் அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கங்களைச் சுமந்துகொண்டு ஒரு கால்நடை மருத்துவரிடம் போனாள். அவர் மனசாட்சியுள்ளவர். படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டார். பசுக்களும் ஆடுகளும் வெளியே காத்திருக்க, மூன்று நாள் படித்தார். பக்கத்துக்குப் பக்கம் ‘உண்மை நகல்’ என்று முத்திரை விழுந்தது. அதுவரை வெறும் மிரட்டல்களாக இருந்தவை, அன்றிலிருந்து அரசு அலுவலர் ஒருவரால் சான்றளிக்கப்பட்ட மிரட்டல்களாயின.

மீனாட்சிசுந்தரம் கட்டைக் கையில் எடுத்து எடை பார்த்தார். ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு முடிவெடுப்பது இயற்கை நீதிக்கு முரணானது, எதிர்தரப்பையும் அழைப்போம் என்றார். இடைக்கால நிவாரணமாக, கொஞ்ச நாளைக்குப் போனைப் பார்க்காமல் இருக்கும்படி அவளுக்கு அறிவுரை வழங்கினார். அவள் பிழைப்பே போனில்தான் என்றாள். அதையும் கோப்பில் குறித்துக்கொண்டார்.

அமைதிப் பேச்சுவார்த்தைக்கான அறிவிப்பு விளையாட்டுக்குள்ளேயே ஒரு சின்னப் பலகையாகத் தொங்கவிடப்பட்டது. யார் வருவார்கள் என்று சிவரஞ்சனி நினைத்தாள். ஆனால் வருகிறவர்களுக்கு வருகைச் சான்று உண்டு, அதைக் காட்டி வேலைக்கு அரை நாள் விடுப்புக் கேட்கலாம் என்று அறிவிப்பில் இருந்தது. ஒன்பது பேர் வந்தார்கள்.

அவள் மனதில் அவர்களைப் பற்றி ஒரு உருவம் இருந்தது. சிவந்த கண், கையில் கம்பி, இந்த மாதிரி. வந்தவர்கள் தேய்த்த சட்டை போட்டிருந்தார்கள். ஒருவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தலைவர் போல முன்னால் உட்கார்ந்தவர் வீரபாண்டியன், இன்சூரன்ஸ் ஏஜெண்டு, வயது நாற்பத்தாறு. இணையத்தில் அவருக்கு ‘ரசவேந்தன்’ என்று பெயர். அவர்தான் போஸ்டர் அடித்தவர். அவளைப் பார்த்ததும் எழுந்து, தங்கச்சி சாப்பிட்டீகளா என்று விசாரித்தார்.

மாவட்ட வரிசையில் தான் மூன்றாவது இடத்தில் இருந்ததாகவும், வாளி மாறிய பிறகு பதினெட்டாவது இடத்துக்குப் போய்விட்டதாகவும் அவர் முறையிட்டார்.

“வீட்டுலயும் சரி, வேலையிலயும் சரி, எங்குட்டுப் போனாலும் என்னையக் கடைசியாத்தான் கூப்புடுவாக. அந்த லிஸ்ட்டுல மட்டும்தான் தங்கச்சி நான் மூணாவது.”

சிவரஞ்சனிக்கு ஒரு கணம் பாவமாகக்கூட இருந்தது. பிறகு வாசலில் இறக்கிய அந்தப் பெட்டியின் கண்ணாடி மூடி ஞாபகம் வந்தது.

“அதுக்கு நான் சாகணுமாண்ணே?”

“சாகணும்னு யாரு சொன்னா?” என்றார் வீரபாண்டியன், மனம் புண்பட்டவராக. “செத்துட்டீகன்னுதானே போட்டோம்.”

மீனாட்சிசுந்தரம் இந்த நுட்பமான வேறுபாட்டைப் பாராட்டி, ‘எதிர்தரப்பினருக்கு உள்நோக்கம் இல்லை’ என்று எழுதிக்கொண்டார்.

பதினைந்து நாள் கழித்து ஆணை வந்தது. மிரட்டலை முற்றாகத் தடை செய்வது கருத்துரிமையைப் பாதிக்கும், கட்டுப்பாடின்றி அனுமதிப்பது மனுதாரரைப் பாதிக்கும், எனவே ஒழுங்குபடுத்தப்படுகிறது என்று அது தொடங்கியது. இனி மிரட்டல்கள் காலை பத்து மணி முதல் மாலை ஐந்தே முக்கால் வரை, உணவு இடைவேளை நீங்கலாக, அரசு வேலை நாட்களில் மட்டுமே விடுக்கப்பட வேண்டும். கொலை மிரட்டலாக இருந்தால் இரண்டு பிரதி. பெற்றுக்கொண்டதற்கு மனுதாரர் ஒப்புகைச் சீட்டு வழங்க வேண்டும். சாபங்களுக்கு உச்சவரம்பு இல்லை. ரச வாளியைப் பொறுத்தவரை, அது நிரம்ப உண்மையில் எவ்வளவு நேரமாகும் என்பதை நேரில் கண்டறிய ஆறு பேர் கொண்ட குழு அமைக்கப்படுகிறது.

குழு கோவிலூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனது. ஆட்டக்காரர்களின் பிரதிநிதியாக வீரபாண்டியன் அதில் இருந்தார். தலைமைச் சமையல்காரர் சோணைமுத்து அண்டாவிலிருந்து ரசத்தை மொண்டு மொண்டு வாளியில் ஊற்ற, தனி அலுவலர் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பதினொரு நொடி ஆனது. இன்னும் வேகமாக முடியாதா என்று வீரபாண்டியன் கேட்டதற்கு, அவசரப்பட்டால் தெளிவு மட்டும்தான் வரும், அடியில் கிடப்பது வராது என்று சோணைமுத்து சொன்னார். தொழில்நுட்பக் கருத்து என்ற தலைப்பில் அதுவும் பதிவானது. குழு இரண்டு பந்திகளில் உட்கார்ந்து தன் முடிவை உறுதி செய்தது.

ஆகவே வாளி நிரம்பும் நேரம் பதினொரு நொடியாக நிர்ணயிக்கப்பட்டது.

சிவரஞ்சனி மாடிப்படி ஏறிப் போய் மன்றாடினாள். பதினொரு நொடியில் நாலு வரிசையும் எழுந்து போய்விடும் சார், யாராலும் ஆட முடியாது என்றாள். யாராலும் ஆட முடியாது என்றால் யாருக்கும் பாரபட்சம் இல்லை என்றுதானே பொருள் என்று மீனாட்சிசுந்தரம் கேட்டார். எல்லோரும் கீழே போய்விட்டால், தான் மேலே வரலாம் என்று கணக்குப் போட்டு வீரபாண்டியனும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். அவள் ஆணையை நிறைவேற்றாவிட்டால் மனுவைத் திரும்பப் பெற்றதாகக் கருதப்படும், அதுவரை வந்த அறுநூற்றுப் பன்னிரண்டு பக்க மிரட்டல்களும் அவளால் ஏற்கப்பட்ட ஆலோசனைகளாகப் பதிவு செய்யப்படும்.

வீட்டுக்கு வந்து தாயாரிடம் சொன்னாள். உயிரைவிட ரசம் பெரிதா, சொன்னதைச் செய்துவிட்டு நிம்மதியாக இரு என்றார் சீதை ஆச்சி. மகள் செத்தது எதற்காக என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று சொல்லி, அவரும் சில நாளாக அந்த விளையாட்டைத் தன் போனில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார்.

சிவரஞ்சனி செய்தாள். ஆனால் பதினொரு நொடி நேரம் திரை சும்மா இருந்தால் நன்றாக இருக்காது என்று அவளுக்குப் பட்டது. வாளி நிரம்புகிற நேரத்தில் படிப்பதற்கு ஆணையின் முதல் பக்கத்தை அப்படியே போட்டாள். ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. மேலே பிரிவின் பெயர், தனி அலுவலரின் பெயர், பதவி, தொலைபேசி எண். தேவா அதைப் பார்த்துவிட்டு, இது வேண்டாமே என்றான். அரசு ஆணையை மக்கள் படித்தால் என்ன தப்பு என்றாள் அவள்.

புள்ளி இரண்டு நொடிக்கு நாற்பத்தொரு பேர் கோபித்தார்கள். பதினொரு நொடிக்கு மூன்று லட்சம் பேரும் கோபித்தார்கள். கோபித்துக்கொண்டு, ஒவ்வொரு வாளிக்கும் பதினொரு நொடி, மீனாட்சிசுந்தரத்தின் பெயரைப் படித்தார்கள்.

மத்தியானத்துக்குள் அவர் போன் சூடாகி அணைந்தது. மறுநாள் அவர் பெயரில் ஒரு திருமணத் தகவல் தளத்தில் வரன் தேடும் விளம்பரம் வந்தது. நான்கு மாவட்டங்களிலிருந்து பெண்ணின் தகப்பனார்கள் ஜாதகத்தோடு பேசினார்கள். அவர் மனைவி அதை நம்பிப் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார். மாடிப்படி முழுக்க எலுமிச்சம்பழமும் மிளகாயும் கிடந்தன. மூன்றாம் நாள் சைக்கிள் கடைக்காரர், கீழே நின்று இரண்டு பேர் அலுவலர் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவார் என்று கேட்டதாக வந்து சொன்னார். ஆணையை ரத்து செய்துவிடலாமே என்று யாரோ யோசனை சொன்னார்கள். போடுகிற அதிகாரம் அவருக்கு உண்டு, எடுக்கிற அதிகாரம் சென்னைக்குத்தான் உண்டு. கோப்பு போயிருந்தது.

நாலாம் நாள் சிவரஞ்சனியை அழைத்தார். முகம் சுருங்கிப்போயிருந்தது. நாற்காலியை ஜன்னலிலிருந்து தள்ளிப் போட்டிருந்தார். தன் அலுவலகத்துக்குத் தானே மனு எழுதி, தானே எழுந்து நின்று வாங்கிக்கொண்டிருக்கிறார். தகப்பனார் பெயர் என்ற இடத்தில் நூற்றுப் பதினாலு முறை ‘தெரியவில்லை’ என்று எழுதியிருந்தது. மிரட்டல் பதிவாகிவிட்டது, நடவடிக்கைதான் எங்கே இருந்து தொடங்குவது என்று புரியவில்லை என்றார்.

“மத்ததெல்லாம் சின்னப் பசங்க சேட்டைன்னு விட்டுரலாம்மா. இந்த ஒண்ணாலதான் எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது.”

போனை மேசையில் வைத்து ஒரு குரல் பதிவைப் போட்டார். ஒரு பெண் குரல். கத்தவில்லை, அவசரப்படவில்லை.

“இந்தா, மீனாட்சிசுந்தரம். நீ உக்காருற பந்தியில உனக்கு எல கெடைக்காமப் போக. கெடச்சாலும் கிழிஞ்ச எலையாக் கெடைக்க. பதினோரு நொடியாடா ஒரு வாளிக்கு? அறுபத்து மூணாவது பந்தி வந்து நிக்கிறேன், சம்பந்தி எந்திரிச்சுட்டான். வர்ற வெசாலக்கெழம நேர்ல வாரேன். வாளியோட வாரேன். கொதிக்கக் கொதிக்க உன் தலையில ஊத்தி, எத்தனை நொடியில காலியாகுதுன்னு நீயே பாத்து எழுதிக்க.”

முடிவில் மூக்கை உறிஞ்சுகிற ஓசை கேட்டது. அதற்குப் பின்னால் ஒரு குக்கர் விசிலடித்தது. சிவரஞ்சனிக்கு அந்த மூக்கும் தெரியும், அந்தக் குக்கரும் தெரியும்.

விளையாட்டைச் செய்தவர் என்ற முறையில் இந்தக் குரல் யாருடையது என்று அவளால் கண்டுபிடிக்க முடியுமா என்று மீனாட்சிசுந்தரம் கேட்டார். கையெடுத்துக் கும்பிடாத குறை. இரண்டு மாதமாக அவள் இதே கேள்வியை மேசை போட்டு உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருவரிடமும் கேட்டிருக்கிறாள். யார், எந்த ஊர், என் வாசலில் வந்து நின்றது எவன். ஒருவரும் சொல்லவில்லை. பயத்தில் வியர்க்கிற அந்த நெற்றியை அவள் பார்த்தாள். அது எப்படி இருக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

“பயனாளர்களோட விவரத்தை வெளியிட எங்க கொள்கையில இடமில்லை சார்” என்றாள். “எழுத்து மூலமாக் கேளுங்க. பரிசீலிக்கிறோம்.”

அவர் தலையாட்டினார். அது அவருடைய பாஷை. அதில் மறுத்துப் பேச அவருக்கு வழியில்லை.

வீட்டில் சீதை ஆச்சி அடுப்படியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, போனில் வாளி நிரம்பக் காத்துக்கொண்டிருந்தார். நீங்கதானா ஆத்தா என்று கேட்டாள். அவர் நிமிரவில்லை. அந்த ஆள் செய்த வேலைக்கு அது கம்மி என்றார். ஒரு மனுஷன் பயந்துபோய்க் கிடக்கிறார் என்றாள் சிவரஞ்சனி. என் பிள்ளையும்தான் பயந்து கிடந்தது, அப்போது அவன் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான் என்றார் ஆச்சி.

சிவரஞ்சனி தாயாருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். இது தப்பு என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். எப்படித் தொடங்குவது என்றுகூட யோசித்தாள். திரையில் வாளி பாதிதான் நிரம்பியிருந்தது. தனி அலுவலரின் பெயர் பெரிய எழுத்தில் நின்றது.

“ஆத்தா, இனிமே பேசி அனுப்பாதீக. குரலை வச்சுக் கண்டுபிடிச்சுருவாக. எழுத்துல அனுப்புங்க.”

“எனக்குத்தான் எழுத்து அடிக்க வராதே.”

“இங்குட்டுக் குடுங்க” என்று போனை வாங்கி, முந்தானையில் திரையைத் துடைத்துக்கொண்டாள். “நீங்க சொல்லுங்க, நான் அடிக்கிறேன்.”